மாய குறுக்கே நின்ற ஏழாம் மாதம்

எனக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. நான்கு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேரும் இன்றைக்கு என்னைவிடச் சத்தமாகப் பேசுகிறார்கள். நான் கையெழுத்துப் போடுவேன். தமிழில் எழுத்துப் பெரிதாக இருந்தால் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். இவ்வளவு நீளத்துக்கு எழுத விரல் ஒத்துக்கொள்ளாது. அதனால் நான் சொல்கிறேன், பெரிய பேத்தி எழுதுகிறாள். அவளுக்கும் லீவு, எனக்கும் லீவு. அவசரம் ஒன்றும் இல்லை.

போன மாதம், கர்ப்பமாக இருக்கிற சின்னப் பேத்திக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நஞ்சு கீழே இறங்கி இருக்கிறது, ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் எல்லோரும் போனை எடுத்துத் தேடினார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கேட்காத இடத்தில் போய்ச் சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

ஆந்திரா தனி மாநிலமாகப் பிரிந்து எல்லை முடிவாகாமல் இருந்த வருஷங்கள் அவை. எங்கள் ஊர் பிச்சாட்டூருக்குப் பக்கம். ஊரில் பாதி வீடு தமிழ், பாதி வீடு தெலுங்கு. அதுவரைக்கும் யார் எந்த வீடு என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் எருமை வைத்திருந்த ஒரு தெலுங்குக் குடும்பம். அந்த அக்கா காலையில் மோர் கொடுப்பாள், நான் ஒரு முறம் வேர்க்கடலை கொடுப்பேன். அவள் பாதித் தமிழ் பேசுவாள், நான் கால் தெலுங்கு பேசுவேன். எங்கள் வீட்டில் கறவை கிடையாது. உழவு மாடு ஒரு ஜோடி மட்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகு வேலைக்கு வரும்.

என் வீட்டுக்காரர் சந்தையில் நன்றாகத் தெலுங்கு பேசுகிறவர்தான். எல்லைப் பேச்சு வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போனார். நகரியில் ஒரு கூட்டத்தில் பத்துப் பேருக்கு முன்னால் எழுந்து நின்று, நம்ம தாலுகா மெட்ராஸோடு சேருகிற வரைக்கும் என் வாயில் தெலுங்கு வராது என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்னால் சொன்னதுதான். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் ஆந்திராப் பக்கம். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் வீட்டில் மோர் நின்றது.

அப்போது எனக்கு மூன்றாவது பிள்ளை வயிற்றில், ஏழாம் மாதம். முதல் இரண்டும் வீட்டிலேயே பிறந்தவை. எனக்கு அதில் பெருமை இருந்தது. காலையில் வாசலில் கடலைக்காய் உலர்த்திக்கொண்டு இருந்தேன். கால் நனைந்த மாதிரி இருந்தது. குடத்துத் தண்ணீர் சிந்திவிட்டது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் சிவப்பு, நல்ல புதுச் சிவப்பு. வலி இல்லை. கொஞ்சம்கூட இல்லை. வலித்திருந்தால் பயந்திருப்பேன். வலிக்காததால் வேலை பாதியில் நின்றதே என்று எரிச்சல்தான் வந்தது.

மாமியார் பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டார். அன்றைக்கே பஸ் ஏற்றித் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே தமிழ் பேசுகிற ஒரு நர்ஸம்மா முன்பு இருந்தார். பிரிவினைக்குப் பிறகு மெட்ராஸ் பக்கம் மாற்றல் வாங்கிப் போய்விட்டாராம். இப்போது இருந்த டாக்டரம்மா குண்டூர்ப் பக்கம். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. வயிற்றை மேலாகத்தான் தொட்டுப் பார்த்தார். உள்ளே கை வைக்கக் கூடாது என்று மற்றவர்களையும் தடுத்தார். அந்தக் கை எவ்வளவு நிதானமாக இருந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது. பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "மாய கிந்த உந்தி. அட்டங்கா உந்தி," என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார். கடைசியில், "அர்த்தமையிந்தா?" என்றார்.

புரிந்ததா என்று கேட்கிறார். இவர் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். "கேக்குது," என்று தமிழில் சொன்னார். டாக்டரம்மா மறுபடியும் கேட்டார். இவர் மறுபடியும், "கேக்குதுன்றேனே," என்றார். அந்த அம்மா ஒரு சீட்டில் தெலுங்கில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மாமியார் காத்துக்கொண்டு இருந்தார். "இன்னாடா சொல்லுது அந்த அம்மா?"

"மாய குறுக்க நிக்குதாம். வூட்டுக்கு இட்டுக்கினு போவாதன்றாங்க. படுக்கையிலயே கெடக்கணுமாம்."

"மாயமா? ஆரு வெச்சதுன்னு சொன்னாங்களா?"

"அத்த சொல்லல."

"மாயத்துக்குக் கட்டில்ல படுக்கவெச்சி இன்னாடா பண்ணுவாங்க? ஊசி போட்டா மாயம் போவுமா? ஏம்மே, எழுந்திரு."

மாய என்றால் என்ன என்று தெலுங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அதைக் கேட்க அவருக்கு நாக்கு வரவில்லை. சந்தைத் தெலுங்கில் மூட்டை வரும், மாடு வரும், மழை வரும், பிள்ளைப்பேறு வராது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாயம் என்றதும் நானும் நம்பினேன். இரத்தம் நின்றுவிட்டது, வலியும் இல்லை, வேறு என்ன நினைப்பது? வலியே இல்லாமல் இரத்தம் போவது மாயம் போலத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். மாயத்தை யார் வைத்தார்கள் என்பதை மாமியார் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். மோர் நின்ற வீடு. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஜாடையாகப் பேசினார்.  மந்திரிக்கிற பூசாரி ஒருவர் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்தார். வெள்ளிக்கிழமை காலை வண்டி கட்டி என்னைக் கூட்டிவரச் சொல்லி அனுப்பினார். அவர் வீட்டில் ஒன்பது குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து புகை வாங்க வேண்டும் என்றார்கள்.

இதற்கு நடுவில் எட்டு நாள் நான் எல்லா வேலையும் செய்தேன். ஐந்தாம் நாள் இன்னொரு தடவை கொஞ்சம் இரத்தம் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. வண்டியில் வைக்கோல் பரப்பியாகிவிட்டது. வீட்டுக்காரர் நுகத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு மாட்டைப் பூட்டிவிட்டார், இன்னொன்றை இழுத்துக்கொண்டு இருந்தார். நான் வாசற்படியில் புடவையைச் சரி செய்துகொண்டு நின்றேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த அக்கா தன் புருஷனைக் கூப்பிட்டுக் கத்தினாள்: "மாய இங்கா படலேது!"

விடிகாலையில் அவள் எருமை கன்று போட்டிருந்தது. அது எனக்குத் தெரியும். மாய இன்னும் விழவில்லை என்கிறாள். எருமைக்கு யார் மாயம் வைப்பார்கள்?

நான் சுவர் ஓரம் போனேன். இரண்டு மாதமாகப் பேசாத பேச்சு. "அக்கா, மாய அண்டே ஏமிக்கா?"

அவள் கையெல்லாம் எண்ணெயோடு எட்டிப் பார்த்தாள். முதலில் என்னைத்தான் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "மாய தெரியாதா? கன்னுகுட்டி பின்னால விழும் பாரு. உங்க பாஷைல இன்னா அது... நஞ்சு. நஞ்சு."

கறவை இல்லாத வீட்டில் அந்தச் சொல் எங்கள் காதில் விழுந்ததே இல்லை. டாக்டரம்மா சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். மாய கிந்த உந்தி, அட்டங்கா உந்தி. நஞ்சு கீழே இருக்கிறது, குறுக்கே இருக்கிறது. அவள் முகம் மாறியது.

"ஏமே, கன்னு முன்னால வரணும், மாய பின்னால. மாய முன்னால வந்து வாசல அடைச்சிக்கினா எருமையும் போவும், கன்னும் போவும். எங்களுக்கு முந்தாம் வருசம் போச்சே. நீ இன்னாத்துக்கு நின்னுக்கினு கீற? வண்டி எதுக்குக் கட்றாங்க?"

மாமியார் பின்னாலேயே வந்துவிட்டார். "எம்மருமவ இன்னா எருமையா? எருமைக் கதைய இங்க சொல்ல வந்துட்டா."

"எருமைக்கு நானு வைத்தியகாரன கூப்ட அனுப்பிக்கிறேன். நீ இவளுக்குப் பூசாரியக் கூப்பிட்ற. எது மேலுன்னு நீயே சொல்லு, பெத்தம்மா."

மாமியார் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்நாளில் அப்படி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான் திரும்பி வந்து வாசலில் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். "நான் வண்டி ஏற மாட்டேன். என்னைத் தூக்கிக்கினு போறதுன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க," என்றேன். மாமியாருக்கு முன்னால் நான் படுத்துக்கொண்டு பேசியதும் அதுதான் முதல் தடவை. வீட்டுக்காரர் பூட்டின மாட்டை அவிழ்த்துவிட்டு நுகத்தைத் தரையில் வைத்தார்.

கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்துத் தார் ரோடு வரைக்கும் தூக்கிப் போனார்கள். வண்டி குலுங்கும், கட்டில் குலுங்காது என்று அந்த அக்காதான் சொன்னாள். முன் கால் இரண்டில் ஒன்றை என் வீட்டுக்காரர் பிடித்தார், மற்றதை அவள் வீட்டுக்காரர் பிடித்தார். ஒரு மைல் தூரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடி மட்டும் ஒன்றாக வைத்தார்கள். கடலை மூட்டை ஏற்றின லாரி ஒன்று நின்றது. மூட்டை மேலே கட்டிலோடு ஏற்றினார்கள். புத்தூர் தாண்டும்போது மறுபடியும் பட்டது. நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அதே டாக்டரம்மா. திட்டினார். தெலுங்கில் திட்டினால் நன்றாகப் புரியும். பிறகு கட்டிலின் கால்மாட்டில் இரண்டு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தினார்கள். ஐந்து வாரம் அப்படியே கிடந்தேன். எழுந்திருக்கக் கூடாது, உட்காரக் கூடாது, எல்லாம் படுக்கையில். ஜன்னல் வழியாகத் திருமலை தெரியும். என் கால் உயரமாக இருந்ததால் மலை என் கட்டை விரலுக்குப் பக்கத்தில் நின்றது. தெருவில் மொட்டைத் தலைகள் போவதும் வருவதுமாக இருக்கும். நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. எட்டு நாளைத் திருப்பிக் கொடு என்று யாரையும் கேட்க முடியாது.

மாமியார் என்னோடு தங்கினார். அந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டதும் அவருக்குத் தலை கால் புரியவில்லை. வார்டுக்கு யார் புதிதாக வந்தாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "மாய பைனா, கிந்தயா?" என்று விசாரிப்பார். மேலே என்றால் தலையை ஆட்டிவிட்டு வருவார். நர்ஸ்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

ஒரு நாள் காலை, கஞ்சி குடித்துக்கொண்டு இருக்கும்போது, பெரிதாகப் பட்டது. மெத்தை நனைந்து தரையில் சொட்டியது. ஓடினார்கள். வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டும், இரத்தம் ஏற்ற வேண்டும், யார் இருக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். என்னைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். கதவுக்குப் பக்கத்தில், முந்தின நாள் பார்க்க வந்து தங்கியிருந்த என் வீட்டுக்காரர் முழங்கைக்கு மேல் சட்டையைச் சுருட்டிக்கொண்டு, "நா ரக்தம் தீஸ்கோண்டம்மா," என்றார்.

என் இரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. நகரிக் கூட்டத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் தெலுங்கு. நான் அதைக் கேட்டேன். அதற்குப் பிறகு மூக்கில் ஒரு மூடியை வைத்தார்கள், அழுகின பழம் மாதிரி இனிப்பாக ஒரு வாசனை.

விழித்தபோது மாமியார் குனிந்து நின்றார். "பொண்ணு. சின்னூண்டு. ஆனா கத்துது," என்றார். அதற்கு முன்னாலேயே நர்ஸிடம் மல்லுக்கு நின்று நஞ்சைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "இவ்ளோதான் மாயம். கையளவு," என்றார். என் வீட்டுக்காரரைச் சோதித்து, இரத்தம் சேர்ந்தது என்று எடுத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கையில் பஞ்சைக் கட்டிக்கொண்டு, காப்பி குடித்துக்கொண்டு இருந்தாராம்.

அந்தப் பெண்ணைப் பஞ்சில் சுற்றி வளர்த்தேன். இன்றைக்கு அவளுக்கு முட்டி வலி. அவளுக்குப் பிறகு ஒன்று, அதையும் திருப்பதியில் அறுத்துத்தான் எடுத்தார்கள். சில வருஷம் கழித்து எல்லையை முடிவு செய்தார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவில் நின்றோம். சேதி வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டிலிருந்து வந்த மோரைக் குடித்துவிட்டுக் கழனிக்குப் போனார்.

சின்னப் பேத்திக்கு நான் சொல்வது ஒன்றுதான். படுக்கச் சொன்னால் படு. புரியாவிட்டால் எந்த பாஷையிலாவது கேள்.

போதும். எழுதுகிற பெண்ணே, நீ படித்ததெல்லாம் தெலுங்குப் பள்ளிக்கூடம், தமிழ் வீட்டில் கற்றது. பேனாவைக் கீழே வைக்கறதுக்கு முன்னால முதல்லேர்ந்து ஒரு தடவை படி கண்ணு, நான் கேக்கறேன். மாயன்னு சொன்ன எடத்துல எங்கியாவது மாயம்னு எழுதிக்கினியா பாரு.