உப்புக் காற்று தின்ற கிலோமீட்டர்கள்

எங்கள் கார் ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்து, கப்பலில் வந்து சேர்ந்தது. பெற்றோலிலும் ஓடும், இரவில் சுவரில் செருகி வைத்தால் கரண்டிலும் ஓடும். காலையில் உயிர்ப்பித்ததும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். என் கணவர் ஒவ்வொரு நாளும் மரியாதையாக "வஅலைக்கும் ஸலாம்" என்று பதில் சொல்வார். எங்களுக்கு விளங்கியது திரையில் வரும் ஓர் எண் மட்டும்தான். கரண்டில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்பதை அது சொன்னது.

மாம்புரியிலிருந்து மதுரங்குளியில் உள்ள பாடசாலைக்குப் பஸ் மாறிப் பஸ் ஏறிப் படிப்பிக்கப் போய்க்கொண்டிருந்தவள் நான். கருவாட்டுச் சாக்குக்கும் யாரோ ஒருவருடைய முழங்கைக்கும் இடையில் நின்றுகொண்டே என் இளமை போயிற்று. கார் வந்ததும் காலையில் யாரோடும் பேசாமல், கதவை மூடிக்கொண்டு தனியாகப் போகிற பாக்கியம் கிடைத்தது. அதற்காக நான் யாரோடும் சண்டை பிடிப்பேன், பிடித்தும் இருக்கிறேன்.

வந்த புதிதில் அந்த எண் முப்பத்தாறு காட்டியது. பெற்றோலைத் தொடாமல் பாடசாலை வாசல் வரை போய்விடலாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிய மாதத்தில் அது இறங்க ஆரம்பித்து இருபத்தெட்டு வரை வந்துவிட்டது. பாடசாலை மதில் தெரிகிற இடத்தில் கரண்ட் தீர்ந்து எஞ்சின் விழித்துக்கொண்டு உறுமும். அதை வீட்டில் சொன்னதுதான் என் தவறு.

எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும் குற்றவாளி ஒன்றுதான். கேற் துருப்பிடித்தால் உப்புக் காற்று, தகரம் ஓட்டையானால் உப்புக் காற்று, என் கணவரின் தலைமுடி கொட்டியதற்கும் அதுதான் காரணம். ஆகவே பற்றரியையும் உப்புக் காற்றுத்தான் அரிக்கிறது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். காரை நாள் தவறாமல் கிணற்றுத் தண்ணீரில் கழுவினார். கடல் பக்கமாகக் கிடுகு வேலி கட்டினார். கரண்ட் செருகும் வாயைத் தன் பழைய சாரனால் சுற்றி வைத்தார். பார்ப்பதற்குக் கார் பல்வலிக்காரன் மாதிரி இருந்தது. எண் பழைய முப்பத்தாறுக்குத் திரும்பவில்லை. அவருடைய ராத்தா, அதாவது என் மதினி, இது கண்ணூறு என்றார். ஓதிய தண்ணீர் கொண்டுவந்து பொனட்டில் தெளித்தார். அதோடு விட்டிருக்கலாம். கரண்ட் வாய்க்குள்ளும் கொஞ்சம் ஊற்றப் போனபோது நான் குறுக்கே பாய்ந்து தடுத்தேன்.

எனக்கு வேறொன்று தென்பட்டது. திங்கட்கிழமை காலையில்தான் எண் மிகக் குறைவு. வாரம் போகப் போக மெல்ல ஏறும். ஞாயிற்றுக்கிழமைகளில் காரை ஓட்டுபவர் என் கணவர். பின்னால் மதினியும் வெங்காயச் சாக்கும் தேங்காயும் இருக்கும். ஏசி குளிர் காய்ச்சல் வருகிற அளவுக்கு ஓடும். எதிர்க்காற்றில் மீன் லொறியைத் துரத்தி முந்துவார். எண் பற்றரியின் ஆயுளைச் சொல்லவில்லை, நேற்று ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதைப் பார்த்து இன்றைக்கு ஒரு குத்துமதிப்புச் சொல்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்றார் அவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சோறு குழைந்துபோனது.

பிறகு அவர் பற்றரி உயிர் போய் மௌத்தாவதற்கு முன் காரை விற்றுவிடுவது என்று முடிவெடுத்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பார்க்க வரும்படி மதுரங்குளி வியாபாரி ஒருவருக்குச் சொல்லியும் விட்டார். மறுபடியும் கருவாட்டுச் சாக்கு, மறுபடியும் முழங்கை.

அழுது பயனில்லை. இந்த எண்ணைப் பார்த்தால் வியாபாரி விலையைக் குறைப்பார் என்று மட்டும் சொன்னேன். அதை ஏற்றுவது எப்படி என்று அவரே கேட்டார். மடியில் முட்டைக் கூடை இருப்பதாக நினைத்து ஓட்டுங்கள், ஏசியைத் தொடாதீர்கள், சாக்குகளை இறக்குங்கள் என்றேன். அந்த வாரம் முழுக்க நான் பஸ்ஸில் போக, அவர் காரில் ஊர்ந்தார். மதினி பின்னால் இருந்து ஓலை விசிறியால் இரண்டு பேருக்கும் விசிறினார். எத்தாளைப் பக்கம் ஓர் உழவு இயந்திரம் ஹோன் அடித்து அவர்களை முந்திப் போனதாம். அதை என் கணவர் பெருமையாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை எண் நாற்பத்தொன்று. வியாபாரி பார்த்தார், உடனே வாங்கச் சம்மதித்தார். என் கணவர் எண்ணைப் பார்த்தார், வியாபாரியைப் பார்த்தார்.

"இவ்வளவு நல்ல பெட்டரிய ஆரு விப்பான்?" என்றார்.

வியாபாரி தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு அவரை வாசல் வரை சென்று வழியனுப்பத் தோன்றியது.

ஆனால் நான் செய்தது வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட வேலை. எண்ணை நான் குறைத்துவிடுவேன் என்று பயந்து, திங்கட்கிழமை என் கணவரும் காரில் ஏறிக்கொண்டார். அடுத்த நாளும் ஏறினார். ஏசி கூடாது. கண்ணாடியையும் இறக்கக் கூடாது, காற்று பிடிக்குமாம். பிரேக்கை மெதுவாக மிதி, காலை எடு, அந்த மாடு தானாகப் போகும் என்று மாம்புரி தொடங்கி ஓதிக்கொண்டே வந்தார். பாடசாலையில் நனைந்து ஒட்டியிருந்த என் அபாயாவைப் பார்த்தவர்கள் மழையா என்று கேட்டார்கள். பாரம் கூட என்று முதலில் ஜாக்கி போனது, பிறகு என் குடை போனது. பாலாவி உப்பளங்களுக்குப் பக்கத்தில் வரும்போது, நான் திருத்தி வைத்திருந்த பிள்ளைகளின் கொப்பிக் கட்டைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவும் தேவையா என்றார்.

காரை ஓரம் கட்டினேன்.

"இந்தக் காருல ஈக்கிற பெரிய பாரம் நீங்கதான். எறங்குங்க."

ஆத்திரத்தில் வந்த வார்த்தை. பெரிய சண்டை வரும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காத்திருந்தேன். அவர் தன் வயிற்றைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். கணக்குச் சரி என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கதவைத் திறந்து இறங்கி, ஜன்னலுக்குள் குனிந்தார்.

"இப்ப எவ்வளவு காட்டுது?"

எண் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ரெண்டு கூடிரிச்சு" என்றேன்.

அவருடைய முகம் பெருநாள் காலை மாதிரி மலர்ந்தது. வீதியைக் கடந்து கற்பிட்டி பஸ்ஸை மறித்து, படியில் தொங்கிக்கொண்டே எனக்குக் கையசைத்தார். அதன் பிறகு ஒரு காலையும் அவர் என்னோடு ஏறவில்லை. நான் அன்றைக்கு ஏசியை முழுதாகத் திறந்துவிட்டு, மதுரங்குளி வரைக்கும் தனியாகப் போனேன்.