பஞ்சுவின் திருஷ்டிப் பொட்டு

விடிந்தால் சிங்கப்பூர் விமானம். நாயைக் கொண்டுபோக வாங்கிய அனுமதியைப் படித்த திருச்சி கால்நடை மருத்துவர், நிமிர்ந்து எங்கள் வெள்ளைப் பஞ்சுவைப் பார்த்தார்.

“நெத்தியில கருப்புப் புள்ளின்னு போட்டிருக்கு. எங்கங்க புள்ளி? இது வேற நாயா?”

ஸ்ரீரங்கத்து வீட்டில் அனுமதிக்காகப் போட்டோ எடுத்த அன்று, என் மனைவி அவனுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தாள். விண்ணப்பத்தை நிரப்பிய ஏஜென்ட் படத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டார்.

“ஏங்க, கண்மை கைப்பையில இருக்கு. வெச்சிடவா?” என்று கிசுகிசுத்தாள்.

மருத்துவர் காதில் விழுந்துவிட்டது. சிரிக்கவில்லை. பஞ்சுவின் கழுத்தில், தோலுக்கடியில் பதித்திருந்த அடையாளச் சிப்பைத் தேடி ரீடரை ஓட்டினார். சத்தமே இல்லை. அவன் என் விரலை நக்கிக்கொண்டிருந்தான். மறுபடி ஓட்டினார். பீப்.

“சிப் நம்பர் சரியா இருக்கு, கையெழுத்துப் போடறேன். அங்க போயும் பொட்டு வெச்சிடாதீங்கம்மா!”

கண்பட்டுவிடும் என்ற பயம்தான் அவனை எங்களிடமிருந்து பிரிக்கப் பார்த்தது. பயந்து பயந்து நேசிப்பதை இப்போது கொஞ்சம் கொஞ்சமாக விடப் பார்க்கிறேன்.