ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக விட்ட வேலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜனவரி மாதத்தில் தொடங்கியது இது. அப்போது நான் கொடைக்கானலில் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஹோட்டலில் வரவேற்பாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் மன்னவனூர். அப்பா அம்மாவுக்குக் கேரட், பூண்டு, உருளைக்கிழங்கு விவசாயம். ஊரிலிருந்த அரசுப் பள்ளியில்தான் பிளஸ் டூ வரை படித்தேன். டாக்டராக வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், போர்வையைப் போர்த்திக்கொண்டு கொடைக்கானல் பஸ்ஸுக்காக ரோட்டில் காத்துக் கிடப்பதைப் பார்த்தே வளர்ந்ததால் இருக்கலாம்.

பள்ளி முடித்த கையோடு எழுதிய நீட் தேர்வில் மதிப்பெண் மிகக் குறைவு. அடுத்த வருடம் வீட்டிலிருந்தே படித்தேன். எங்கள் வீட்டில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. தோட்டத்துக்கு மேலே ஒரு மேட்டில் மட்டும் கிடைக்கும். குளிரோ தூறலோ, அங்கே போய் உட்கார்ந்துதான் இலவச வகுப்புகளைப் பார்ப்பேன். அந்த முறை நல்ல மதிப்பெண் வந்தது. ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஒதுக்கீட்டில், எனக்குச் சற்று முன்னால் இருந்தவர்களோடு இடங்கள் தீர்ந்துவிட்டன.

அன்று அப்பா திட்டவில்லை. "ரெண்டு வருசம் போச்சு தாயி. போதும், ஒரு வேலையப் பாரு" என்று மட்டும் சொன்னார். நானும் இனி எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஹோட்டலில் சேர்ந்தேன். கறுப்பு கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, வருகிறவர்களிடம் ஆங்கிலம். ஒரு தடவை என்னைப் பார்க்க வந்த அப்பா, ஹோட்டல் வாசலிலேயே நின்று என்னைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் போய் டீக்கடையில், "எம்மக அங்க மேனேஜரு மாதிரி" என்று சொல்லியிருக்கிறார்.

வாக்குக் கொடுத்தேனே தவிர, மனசு கேட்கவில்லை. இரண்டு மாதத்திலேயே கவுண்டருக்குக் கீழே உயிரியல் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படிக்கத் தொடங்கிவிட்டேன். மூன்றாவது முறையும் எழுதிப் பார்ப்பது என்று முடிவு செய்தபோதுதான் ஒன்று உறைத்தது. தேர்வு நடப்பது மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. கொடைக்கானலில் மே மாதம் என்றால் சீசன். ஹோட்டலில் ஒரு அறைகூடக் காலியாக இருக்காது.

மேனேஜரிடம் போய் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"ஏப்ரல், மே யாருக்குமே லீவு கிடையாதும்மா. உனக்குக் குடுத்தா எல்லாரும் வந்து நிப்பாங்க. அதுவுமில்லாம, உன்னை ஷிப்ட் இன்சார்ஜா போடலாம்னு நெனச்சுட்டு இருக்கேன். சீசன் முடியட்டும், ஆர்டர் குடுத்துர்றேன். யோசிச்சுச் சொல்லு."

ஒரு வாரம் தூங்கவில்லை. கையில் இருப்பது நல்ல வேலை, மேலே போகிற வேலை. கிடைக்குமா என்றே தெரியாத ஒன்றுக்காக அதை விடுவதா? அட்டுவம்பட்டியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த தோழி வெளிப்படையாகவே சொன்னாள்: "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு எத்தன நாளைக்கு நிப்ப? ஒண்ணு இந்தப் பக்கம் வா, இல்ல அந்தப் பக்கம் போ."

அந்தப் பக்கம் போனேன்.

செண்பகனூரில் ஒரு சின்ன கிளினிக்கில் உதவிக்கு ஆள் கேட்டிருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் டாக்டர், ஒரு நர்ஸ், அவ்வளவுதான். நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், எடை பார்க்க வேண்டும், சாயங்காலம் தரையைத் துடைக்க வேண்டும். பி.பி. பார்க்கக் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னார்கள். சம்பளம் பாதிதான். ஆனால் மதியம் ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை கிளினிக் மூடியிருக்கும். ஞாயிறு விடுமுறை. எனக்கு வேண்டியது அதுதான். கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பிப்ரவரி முதல் வாரத்தில் துடைப்பத்தைக் கையில் எடுத்தேன்.

முதல் வாரத்திலேயே மானம் போயிற்று. அரிவாள் பட்டுக் காலைக் கிழித்துக்கொண்டு வந்த ஒரு விவசாயிக்கு நர்ஸ் கட்டுப் பிரித்தபோது, தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த நான் மயங்கி விழுந்துவிட்டேன். கண் விழித்தால் அந்த மனிதர் ஒற்றைக் காலில் நொண்டி வந்து எனக்குத் தண்ணீர் நீட்டிக்கொண்டிருக்கிறார். "எனக்கு ஒண்ணுமில்ல பாப்பா, மொதல்ல நீ குடி" என்கிறார். டாக்டர் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அடுத்த தடவை மயங்கவில்லை.

மதிய நேரங்களில் ஹீட்டர் பக்கத்தில் பெஞ்சைப் போட்டுப் படிப்பேன். ஒருநாள் டாக்டரிடம் இயற்பியலில் ஒரு சந்தேகம் கேட்டேன். "ஐயோ, அதெல்லாம் மறந்து முப்பது வருஷம் ஆச்சும்மா. நீ படிச்சு எனக்குச் சொல்லு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒன்றைத் தவிர. அப்பாவிடம் எதையுமே சொல்லவில்லை. வாரம் ஒருமுறை அவர் மேட்டுக்கு ஏறி வந்து போன் செய்வார். "வேலையில இருக்கியா தாயி?" என்பார். "வேலையிலதான்ப்பா இருக்கேன்" என்பேன். பொய் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். மார்ச் கடைசி வரைக்கும் இப்படியே ஓட்டினேன்.

அன்று திங்கட்கிழமை, கூட்டம் அதிகம். நர்ஸ் வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுத, நான் உள்ளே இருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சீட்டில் அப்பாவின் பெயர் இருந்தது. ஊரிலேயே அந்தப் பெயரில் நாலைந்து பேர் உண்டு என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சத்தமாகக் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

கையில் பச்சைப் பட்டாணிப் பையோடு அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா... உங்களுக்கு என்ன செய்யுது?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் செய்யல. உனக்கு என்ன செய்யுதுன்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார்.

உரமும் பூச்சி மருந்தும் வாங்கக் கொடைக்கானல் வந்தவர், பட்டாணியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஹோட்டலுக்குப் போயிருக்கிறார். அங்கே வாட்ச்மேன், "அந்தப் பொண்ணு வேலையில இருந்து நின்னு ரெண்டு மாசமாச்சே" என்றிருக்கிறார். அங்கிருந்து அட்டுவம்பட்டிக்கு வந்து என் தோழியிடம் விசாரித்து, டவுன் பஸ் பிடித்து, மற்றவர்களைப் போலவே சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நான் குனிந்து தரையில் சிந்திய மருந்தைத் துடைத்ததையும் பார்த்திருக்கிறார்.

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். என்ன செய்வது என்று தெரியாமல், "உக்காருங்கப்பா" என்று சொல்லி, பழக்க தோஷத்தில் அவர் கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்தேன். நூற்றெண்பதைத் தாண்டி நின்றது. கோபத்தில் இருப்பார், மேடேறி வந்திருப்பார் என்று பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன். இறங்கவில்லை. மூன்றாவது முறையும் அப்படியே. ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். பிறகு, "தலைவலி ஏதும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

"அது கெடக்கு, நாலஞ்சு மாசமா. பனிக்குத் தலை வலிக்கத்தானே செய்யும்" என்றார் அப்பா.

எனக்கு அப்படியே கூசிப்போயிற்று. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுகூட அவர் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்தேன். இதயம், ரத்த ஓட்டம் பாடத்தை அப்போது மூன்று தடவை முடித்திருந்தேன். எந்தப் பக்கத்தில் எந்தப் படம் இருக்கிறது என்று கேட்டால்கூடச் சொல்வேன். ஆனால் ஒரே கூரையின் கீழே படுத்திருந்த மனிதரிடம் "எதுக்குப்பா தலையைக் கட்டியிருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கஷ்டமாப் போயிருக்கும். நல்ல நேரத்துல கையில சிக்கினார்" என்றார் டாக்டர். மாத்திரை எழுதிவிட்டு, "எப்படிச் சாப்பிடணும்னு நீயே அப்பாகிட்ட சொல்லு" என்று எங்களை விட்டுவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விட்டார்.

மதியம் கிளினிக் பூட்டிய பிறகு இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். தேர்வுக்கு விண்ணப்பித்ததை, ஹோட்டலில் லீவு கிடைக்காததை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசை மேலிருந்த என் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"எங்கிட்ட எதுக்கு மறைச்ச?"

"மூணாவது தடவையும் தோத்துட்டா உங்க முகத்தப் பாக்க முடியாதுப்பா."

"தோத்தாத் தோத்துட்டுப் போ. போன வருசம் நான் கேரட்டுல தோக்கலையா? அதுக்காக இந்த வருசம் போடாம விட்டேனா?" என்றார். பிறகு எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே, "எனக்கு உன் கோட்டு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு, அதான் கோவம். சரி, பரீட்ச என்னைக்கு?" என்றார்.

அதன் பிறகு நான் படித்த படிப்பே வேறு. ஒளிக்க எதுவும் இல்லாதபோது புத்தகத்தில் எவ்வளவு நன்றாக மனசு நிற்கிறது என்று எனக்கே ஆச்சரியம். அப்பாவும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் வந்து என்னிடம் கையை நீட்டுவார். எண்ணைச் சொன்னதும், "போன தடவைக்கு இப்ப எம்புட்டுக் குறைஞ்சிருக்கு?" என்று பள்ளிப் பையன் மாதிரி கேட்பார்.

எனக்குத் தேர்வு மையம் மதுரையில். சனிக்கிழமை வெள்ளனே அப்பாவே வந்து நின்றார். பூண்டு அறுப்பு நேரம். "அந்தச் சோலியெல்லாம் உங்கம்மா பாத்துக்குவா, நீ வெரசாக் கெளம்பு" என்றார். மலைப்பாதை முழுக்க மேலே ஏறுகிற கார்கள். எங்கள் பஸ் ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்றுதான் இறங்கியது. ஒருநாள் முன்பே கிளம்பியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

மறுநாள் தேர்வு முடிந்து வெளியே வந்தால் மதுரை வெயில் கொளுத்துகிறது. குளிரிலேயே வாழ்ந்த மனிதர் என்ன ஆனாரோ என்று பதறிக்கொண்டு தேடினேன். ஒரு மரத்தடியில் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"ரத்த ஓட்டத்துல கேள்வி வந்துச்சா?"

"ரெண்டு வந்துச்சுப்பா."

"ரெண்டையும் எழுதிட்டேல்ல?"

"எழுதிட்டேன்."

"அப்பச் சரி" என்று எழுந்துகொண்டார்.

ஜூன் மாதம் முடிவு வந்தது. கிளினிக் கணினியில் என் எண்ணைப் போட்டபோது அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். டாக்டர்தான் என்னை நகர்த்திவிட்டு அடித்தார். திரையைப் பார்த்தவர் சட்டென்று எழுந்தார். காத்திருந்த நோயாளிகளிடம் போய், "பத்து நிமிஷம் எல்லாரும் டீ சாப்பிட்டு வாங்க, இந்தப் பொண்ணு டாக்டர் ஆகப் போறா" என்றார். போன முறை கடைசி இடம் போன மதிப்பெண்ணைவிட நான் வெகு தூரம் மேலே இருந்தேன். இருமிக்கொண்டிருந்த ஒரு பெண்மணிகூட எழுந்து வந்து என் கன்னத்தைத் தொட்டுத் திருஷ்டி கழித்தார்.

அப்பாவுக்குப் போன் கிடைக்கவில்லை. அன்றைக்கே பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் நான் சொன்னது கண்டக்டர் காதில் விழுந்தது, பிறகு பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. பூம்பாறையில் இறங்கிய ஒருவர், கூடையிலிருந்து கைநிறைய பிளம்ஸ் அள்ளி என் மடியில் போட்டுவிட்டுப் போனார். மன்னவனூரில் பஸ் நிற்பதற்கு முன்பே, ரோட்டோரம் கேரட் மூட்டையோடு நின்ற அப்பாவைப் பார்த்து கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி கத்தினார்: "அண்ணே, ஒங்க மக டாக்டராயிட்டாங்கண்ணே!"

"இன்னும் ஆகலப்பா. இனிமேத்தான் படிக்கணும்" என்று அப்பா நிதானமாகப் பதில் சொன்னார். சொல்லிவிட்டு மூட்டை மேலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கூட நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து கை தட்டினார்கள்.

விஷயம் கேள்விப்பட்டு ஹோட்டல் மேனேஜரும் வாழ்த்துச் சொல்லப் போன் செய்தார். கடைசியில், "ஒரு நாள் லீவு குடுத்திருக்கலாம்மா" என்றார். "குடுக்காம விட்டீங்களே சார், அதுக்குத்தான் நன்றி" என்றேன். மனதாரச் சொன்னேன்.

இப்போது தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அந்த வேலையை விட்டதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. அதை இரண்டு மாதம் அப்பாவிடம் மறைத்ததற்குத்தான் வெட்கப்படுகிறேன். என் தோல்வியைத் தாங்க மாட்டார் என்று நான் நினைத்திருந்த மனிதர், மழையிடமும் பனியிடமும் சந்தையிடமும் என்னைவிட எத்தனையோ முறை தோற்று எழுந்தவர் என்பது அன்று அந்தப் பெஞ்சில்தான் எனக்குப் புரிந்தது. அவர் மகள் என்கிற தைரியத்தில்தான் இன்றும் ஒவ்வொரு தேர்வுக்கும் பயமில்லாமல் உள்ளே போகிறேன்.