கற்பூரம் அணைக்காத சாட்சி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஜவ்வாது மலையில் மிஷன் கம்பவுண்டராக நான் ஊழியம் செய்த நாட்களைக் குறித்து, நம் சபையின் இளம் ஊழியர் அறியும்படி எழுதக் கேட்டீர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். வேதபுத்தகத்தை உரக்க வாசித்தே உரைநடை கற்றேன். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

1. தண்ணீர் ஊசி

அது எழுபதுகளின் நடுப்பகுதி. வாரம் ஒருமுறை போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை பஸ். அதன்பின் மருந்துப் பெட்டியைத் தலையில் சுமந்து நடை. முதல் நாள், ஒரு மலைக் கிராமத்துப் பள்ளித் தாழ்வாரத்தில் ஸ்பிரிட் ஸ்டவ்வை ஏற்றிக் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்தேன். முதலில் வந்து அமர்ந்தவர், ஊர் வழக்குகளைத் தீர்த்துவைக்கும் ஊர்க்கவுண்டர்.

"ஏரு ஓட்டி ஓட்டித் தோளு கடுக்குது. ஊசி போடு."

தொட்டுப் பார்த்தேன். "ஊசி வேணாங்க கவுண்டரே. தைலம் தர்றேன். ரெண்டு நாளு ஏரைத் தொடாதீங்க."

"இன்னா கம்பவுண்டரு நீ? சந்தைக்கு ஒருத்தன் வர்றான். தலைவலின்னாலும் குத்துறான், வவுத்துவலின்னாலும் குத்துறான். வெறுந் தண்ணியாவது ஏத்துய்யா, மனசு ஆறும்."

"தண்ணியை ஏத்திட்டு மருந்துன்னு சொன்னா அது பொய்யிங்க. பொய் சொல்றதுக்கு என் ஆண்டவரு என்னை இங்க அனுப்பலிங்க."

"ஊசி போடாத கம்பவுண்டரு, கொம்பில்லாத காளை!" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, தாழ்வாரமே சிரித்தது. கவுண்டர் தைலத்தை வாங்காமலே எழுந்து போனார். அடுத்தடுத்த வாரங்களில் கூட்டம் குறைந்தது. ஊசி தேவைப்பட்டவருக்கு மட்டுமே ஊசி என்ற முறையை நான் மாற்றவில்லை. சிரங்கும் சீழ்ப்புண்ணும் ஆறக் கண்டபின், மெல்ல மெல்ல ஆட்கள் திரும்பினர்.

எங்கள் சபைப் போதகரான ஐயர் என்னைக் காணும்போதெல்லாம், "ஞானஸ்நானத்துக்கு எத்தனை பேர் ஆயத்தம்?" என்று கேட்பார்.

"ஒருத்தரும் இல்லீங்க ஐயா. இப்பதான் மருந்தையே நம்ப ஆரம்பிச்சிருக்காங்க" என்பேன். அவர் முகம் வாடும்.

2. காளி கோயில் முன்

சில ஆண்டுகள் கழிந்தன. அறுவடை முடிந்த ஒரு பகலில், குப்பன் என்பவனுடைய சாமைக் கதிர்ப்போர் எரிந்து சாம்பலாயிற்று. அவனுக்கும் பக்கத்து நிலத்துச் சடையனுக்கும் வேலித் தகராறு இருந்தது. ஆகவே பழி சடையன் மேல் விழுந்தது. குற்றம் உறுதியானால் ஊர்விலக்கு. அதன்பின் அவன் குடும்பத்துக்கு எவரும் நெருப்பும் கொடார், தண்ணீரும் கொடார்.

போர் எரிந்த வேளையில் சடையன் என் முன்னால் படுத்திருந்தான். அவன் உள்ளங்காலில் இருந்த சீழ்க்கட்டியைக் கீறி டிரெஸ்ஸிங் செய்துகொண்டிருக்கையில்தான் "தீ, தீ" என்ற கூச்சல் கேட்டது. பக்கத்து ஊரில் திருவிழாவாதலால் அன்று வேறு நோயாளி எவரும் இல்லை. நான் ஒருவனே சாட்சி.

அடுத்த வாரம் காளி கோயில் முன் பஞ்சாயத்து கூடியது. கண்டதைச் சொன்னேன். உடனே தட்டில் கற்பூரம் ஏற்றப்பட்டது. எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால்தான் அவ்வூரில் சாட்சி செல்லும்.

நான் கையை நீட்டவில்லை. "உங்க சாமியை எளக்காரம் பண்ணலிங்க. சத்தியமே பண்ணக் கூடாதுன்றது எங்க ஆண்டவரு கட்டளை."

"அப்ப ஒன் பைபிள் மேல அடி" என்றான் குப்பன்.

"அதும் மேலயும் மாட்டேன். உள்ளதை உள்ளதுன்னு சொல்லிட்டேன்."

"பாத்தீங்களா! பொய்க்காரனுக்குத்தான் கற்பூரம் சுடும்" என்று குப்பன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான்.

சடையனின் மனைவி ஓடிவந்து என் காலடியில் விழுந்தாள். "ஒரு துண்டு கற்பூரந்தானே சாமி! உங்க கை வெந்துடாது. என் வூட்டு அடுப்பு அவிஞ்சிடும் சாமி!"

ஐயா, அம்மா, என் ஊழியத்தில் அதைவிடக் கடினமான நிமிடம் வேறில்லை. அவளைத் தூக்கி நிறுத்தினேன். கவுண்டரைப் பார்த்துச் சொன்னேன்: "கற்பூரத்துக்கு ஒரு வார்த்தை, மத்த நேரத்துக்கு ஒரு வார்த்தைன்னு என்கிட்ட ரெண்டு கெடையாதுங்க. இந்த மருந்து குடிங்க, பொழைப்பீங்கன்னு இவ்ளோ நாளு சொன்னனே, அதுக்கு யாருனா கற்பூரம் கேட்டீங்களா?"

கூட்டம் இரைந்தது. கவுண்டர் தம் தோளைத் தடவியபடி குப்பன் பக்கம் திரும்பினார்.

"டேய் குப்பா, இவன் வந்த மொத நாளு, தண்ணியாவது ஏத்துன்னு கெஞ்சினவன் நானு. ஊருக்குப் பெரியவன் கேக்குறேனேன்னு பாக்கல, பொய்யின்னுட்டான். ஊரே சிரிச்சுது, அப்பவும் ஏத்தல. எனக்கே பொய்யூசி போடாதவன், சடையனுக்கா பொய்ச்சாட்சி சொல்லப் போறான்?"

பின், தட்டைத் தம் பக்கம் இழுத்து, கற்பூரத்தைத் தம் உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"இவன் வாய்க்கு என் கை. சடையன் வூட்டுக்கு நெருப்பு குடுங்க."

போர் எவ்வாறு எரிந்தது என்பது இன்றளவும் தெரியாது.

அந்த ஆண்டு ஐயர் மலைக்கு வந்து, வழக்கமான கேள்வியைக் கவுண்டர் முன்னிலையிலேயே கேட்டார். நான் வாய் திறக்குமுன் கவுண்டர் முந்திக்கொண்டார்: "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க சாமி. ஆனா, கற்பூரம் இல்லாம எங்க ஊரு நம்புற வாய் இது ஒண்ணுதான்." ஐயர் என் கையைப் பற்றினார். அதன்பின் அவர் எண்ணிக்கை கேட்டதில்லை.

நான் ஓய்வு பெறும்வரை அவ்வூரில் எவரும் என் முன் கற்பூரத் தட்டை நீட்டவில்லை. அப்பெருமையை இன்றும் நெஞ்சில் தரித்திருக்கிறேன். இளம் ஊழியர்களே, உலகில் உங்கள் சாட்சி பரவ வேண்டுமென ஜெபிக்கிறீர்கள். மேடையில் பேசும் நாளுக்காகக் காத்திராதீர்கள்; ஒரு தோள்வலிக்காரரிடம் சொல்லும் சிறு சொல்லையும் மெய்யாகவே சொல்லுங்கள்.

இக்குறிப்பை ஆலயத்துப் பீரோவில் பத்திரப்படுத்தி வைக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்.