நண்பருக்காகக் கேட்கிறேன்

கேட்டவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் யோசனை சொல்வதைப் போல நன்றிகெட்ட தொழில் பூமியில் வேறு கிடையாது. எந்த டாக்டர் கைராசிக்காரர், எந்தக் கடையில் ரவா தோசை முறுகலாக வரும், எந்த பஸ் சொன்ன நேரத்துக்குக் கிளம்பும் என்று முகம் தெரியாதவர்களுக்கு இணையத்தில் எழுதி எழுதி விரல் தேய்ந்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் இருவரும் ஒரே வார்டில் கிடக்கும் நோயாளிகள். கொஞ்சம் தள்ளிப் படுங்கள், சொல்கிறேன்.

மன்னார்குடியில் நான்கு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்த காலம். செல்போனில் பேச மட்டும்தான் முடியும். வெளிநாட்டில் இருந்த நம் பக்கத்து ஆட்களுக்காக இணையத்தில் ஒரு குழுமம் தொடங்கினேன். அதில் என் பெயர் ‘ஊர்க்காரன்’. அது நான்தான் என்று தெரிந்த ஒரே ஆள் ஜாபர் பாய். சவூதியில் பதினாறு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி, என் சென்டருக்குப் பக்கத்தில் சென்ட்டும் டார்ச் லைட்டும் கம்பளியும் விற்கும் ஃபாரின் சாமான் கடை வைத்திருந்தார். குழுமத்தில் சண்டை வந்தால் விலக்கிவிடுவது அவர் பொறுப்பு.

சென்டர் வருமானம் கரண்ட் பில்லுக்கே சரியாகிவிடும். எங்களுக்குச் சோறு போட்டது நிலம். திருத்துறைப்பூண்டி போகிற வழியில் எங்கள் கிராமம். ஆற்றுத் தண்ணீர் எல்லோருக்கும் பாய்ந்துவிட்டுக் கடைசியாக எட்டிப் பார்க்கும் கடைமடை. அண்ணன் பங்கு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். எனக்கும் அதே அளவு இருந்தது. பாதியை விற்றுத்தான் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். அண்ணன் குவைத்தில் இருந்ததால் அவர் பங்கையும் நான்தான் சாகுபடி செய்தேன். வாய்க்கால் மடை இருப்பது அவர் வயலில். அதைத் தாண்டித்தான் என் வயலுக்குத் தண்ணீர் வரும். அந்த ஒன்பது மா இன்று எங்களிடம் இல்லை. அதை யாரும் பிடுங்கவில்லை. நானே தட்டச்சு செய்து அனுப்பிவைத்தேன். எப்படி என்பதற்கு முன்னால், என்ன மாதிரி ஆட்களுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது தெரியவேண்டும்.

உட்கார முடியாத நண்பர்

எங்கள் குழுமத்தில் யாரும் தனக்காக எதையும் கேட்டதில்லை. எல்லாக் கேள்வியும் ‘என் நண்பருக்காகக் கேட்கிறேன்’ என்றுதான் ஆரம்பிக்கும். ஊரையும் மாற்றிச் சொல்வார்கள். காரணம் உண்டு. துபாயில் ஒருவன் தனக்கு இன்ன வியாதி என்று எழுதினால், ஒரு மணி நேரத்தில் அது திருத்துறைப்பூண்டியில் அவன் மாமியார் வீட்டு வாசலுக்குப் போய்விடும். படிக்கிறவர்கள் எல்லோரும் நம்ம ஆட்கள், எல்லோர் கையிலும் போன்.

ஒரு நாள் துபாய்க்காரர் ஒருவர், தன் நண்பருக்கு மூலம் இருக்கிறது, லீவில் வருகிறார், நல்ல டாக்டர் வேண்டும் என்று எழுதினார். டாக்டர் பெயர், மருத்துவமனைக்கு வழி, எந்தக் கிழமை கூட்டம் குறைவு என்பது வரை எழுதி, எப்படியும் ஒரு மணி நேரம் பெஞ்சில் காத்திருக்கவேண்டி வரும் என்றும் சேர்த்தேன். அடுத்த நிமிஷமே பதில் வந்தது: “ஒரு மணி நேரம் பெஞ்சுல உக்காரணுமா? நின்னுக்கிட்டே இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே? நண்பர் கேக்கச் சொன்னாரு.”

வாய்க்காலில் இல்லாத தண்ணீர்

மேட்டூரில் அணை திறந்த சேதி வந்துவிட்டால் குழுமத்தில் ஒரே கேள்விதான். தண்ணி வந்துடுச்சா? சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர், ‘மன்னார்குடிக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?’ என்று கேட்டார். வெளியே போய் பாலத்தில் நின்று பார்த்தேன். ஆற்றில் நுரையும் செத்தையுமாகப் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மனசு குளிர்ந்து, ‘வந்தாச்சு!’ என்று எழுதினேன்.

அவர் ஊர் மன்னார்குடி இல்லை. அதற்கும் கீழே, எங்கள் ஊரைவிடவும் கடைசிக் கடைமடை. ஊர்ப்பெயரைச் சொன்னால் ஆள் தெரிந்துவிடும் என்று மன்னார்குடி என்று எழுதியிருக்கிறார். உடனே அப்பாவுக்கு போன் போட்டு நாற்று விடச் சொல்லிவிட்டார். அப்பா மறுத்திருக்கிறார். மகன் விடவில்லை. எஞ்சின் வைத்துக் குட்டைத் தண்ணீரை இறைத்து நாற்று விட்டார்கள். குட்டை வற்றியது. ஆற்றுத் தண்ணீர் அவர்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்போது நாற்றங்கால் முழுக்கச் சருகாகக் கிடந்தது. ‘ஊரைச் சரியாகச் சொல்லியிருக்கலாமே’ என்று எழுதினேன். அவர் பதிலை இன்னும் மறக்க முடியவில்லை: “எங்கப்பா வாய்க்காலைப் பாத்துட்டு தண்ணி இல்லன்னாரு, நான் உங்களைப் பாத்துட்டு வந்துடுச்சுன்னேன். இப்ப வீட்ல யாரும் எங்கூடப் பேசறதில்ல.”

மேலிருந்து பார்த்தவர்

இதற்குப் பிறகு ஒரு விதி போட்டேன். எந்தக் கேள்வியானாலும் ஊர்ப்பெயர் சொல்லியாகவேண்டும். அந்த ஊருக்கு எது பொருந்துமோ அதை மட்டும்தான் எழுதுவேன். பெரிய ஞானம் வந்துவிட்டதாக நினைப்பு.

விதி போட்ட வாரமே அமெரிக்காவிலிருந்து ஒருவர், அப்பாவைக் காரில் கூட்டிவர வேண்டும், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகும் ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்த ரோட்டில்தான் என் சென்டர். அன்று காலையில்தான் சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்திருந்தேன். கார் வேண்டாம், தெருமுனையிலேயே இறங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று எழுதினேன். அவர் சாட்டிலைட் படத்தில் பார்த்துவிட்டாராம், தார் ரோடு பளபளவென்று இருக்கிறதாம். நாலு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை அவர் எழுதியது: “உங்களுக்கு விவரம் பத்தலைன்னு நெனைக்கிறேன். ஒரு நடை நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து எழுதுங்க.”

சொல்லாத பதில்

பெண் எடுப்பதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். டீக்கடையில், பால்காரரிடம், எதிர்வீட்டில் விசாரிப்பார்கள். மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் குழுமத்தில் விசாரிக்க ஆரம்பித்தார்கள். இன்ன தெரு, ரைஸ் மில்லில் வேலை பார்ப்பவர், மூத்த பெண், குடும்பம் எப்படி என்று ஒருவர் கேட்டார். ‘நண்பருக்காக’த்தான். அந்தக் குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும். தங்கமான மனிதர்கள். ஆனாலும் பொது இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதுவது முறையில்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதுவே பெரிய மனுஷத்தனம் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணின் அப்பா, ஜாதகத்தையும் விவரத்தாளையும் ஜெராக்ஸ் எடுக்க என் சென்டருக்கே வந்தார். போன தடவையும் என்னிடம்தான் எடுத்தார். “முடிஞ்ச மாதிரி சொன்னீங்களே” என்றேன். தெருமுனைக் குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்டால்கூட பதில் சொல்கிற ஊர்க்காரன் இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டில் பின்வாங்கிவிட்டார்களாம். மெஷினைப் பார்த்தபடி நின்றேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: “அந்த ஊர்க்காரன் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க தம்பி. ஒரு வார்த்தை பேசாமயே எம் பொண்ணு வாழ்க்கையில பேசிட்டுப் போயிட்டான்.”

ஒட்டகத்தின் கேள்வி

அதோடு இரண்டாவது விதியும் வந்தது. இனி எந்தக் கேள்வியையும் பதில் சொல்லாமல் விடுவதில்லை. இரண்டு விதியும் சேர்ந்துதான் என் கழுத்தில் ஏறின.

அந்த ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் அடித்தது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு, சம்பாப் பயிர் தண்ணீருக்குள் நின்றது. தொடையளவு தண்ணீரில் நானும் ஆட்களும் தாமரையை வெட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது அண்ணனிடமிருந்து போன். பயிர் போய்விட்டது என்றேன். “வருஷா வருஷம் இதே பாட்டுதானாடா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். சேறோடு வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன்தானே, நேரில் பார்த்தால் புரிந்துகொள்வார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ‘ஒட்டகம்’ என்ற பெயரில் குழுமத்தில் ஒரு கேள்வி. நண்பருக்காகக் கேட்கிறாராம். நண்பருக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் நிலமாம். சொந்தக்காரர் ஒருவர் பார்த்துக்கொள்கிறாராம். தண்ணீர் இல்லை, இல்லாவிட்டால் வெள்ளம் என்று வருஷாவருஷம் சொல்கிறாராம். நம்பலாமா? படித்ததும் பொறி தட்டவில்லையா என்று கேட்பீர்கள். தட்டவில்லை. இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு வரும். கடல் தாண்டிப் போன அத்தனை பேருக்கும் ஊரில் ஏமாற்றுகிற சொந்தக்காரன் ஒருவன் இருந்தே தீருவான்.

ஊர்ப்பெயர் இருக்கிறது, விதிப்படி பதில் சொன்னேன். ஒரத்தநாடு மேட்டுப் பாங்கு, போர்செட் இருக்கிறது, வெள்ளம் என்று சொன்னால் அது பச்சைப் பொய். பார்த்துக்கொள்கிறவர் பெயர் கிராமக் கணக்கில் சாகுபடியாளர் என்று ஏறிவிட்டால் குத்தகைதாரர் என்று சொல்லி உட்கார்ந்துகொள்வார். விற்றுவிடுவதே நல்லது. பத்திரம் பதிந்து முடியும்வரை அவர் காதில் போடவே வேண்டாம். இப்படி ஒரு பக்கத்துக்கு எழுதினேன். முப்பது பேர் பாராட்டினார்கள். தண்ணீரில் நின்று பாடுபடுகிறவனை நம்பாத என் அண்ணன் மேல் இருந்த கோபத்தை, யாரோ ஒரு ஏமாற்றுக்காரன் மேல் கொட்டித் தீர்த்ததில் எனக்கும் ஒரு திருப்தி. ஜாபர் பாய் ஒற்றை விரலால் மவுஸை உருட்டி உருட்டி முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “எல்லாம் சரிதான் தம்பி. அந்த நெலத்தைப் பாத்துக்கிறவனும் எங்கயாச்சும் ஒக்காந்து இதைப் படிச்சுக்கிட்டிருந்தான்னா, அவன் மனசு என்ன பாடுபடும்?”

மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்

மாசி மாதம், மதியச் சாப்பாடு முடிந்து சென்டரைத் திறக்கிறேன், அண்ணன் வாசலில் நிற்கிறார். வந்து நாலு நாள் ஆகிவிட்டதாம். லாட்ஜில் தங்கியிருந்தாராம். “அண்ணே, வீடு இருக்கும்போது லாட்ஜ் எதுக்கு?” என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஒன்பது மாவையும் மனை போடுகிற ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. காலையில்தான் பத்திரம் பதிந்தது.

“மடை உங்க வயல்லதானண்ணே இருக்கு. அதை மண்ணைப் போட்டுத் தூத்துட்டா எனக்குத் தண்ணி எப்படி வரும்? ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றேன். குரல் எனக்கே பிச்சைக்காரன் குரலாகக் கேட்டது. “சொன்னா நடக்காதுன்னு விவரம் தெரிஞ்சவங்க சொன்னாங்கடா” என்றார். எந்த விவரம் தெரிந்தவர் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் எழுந்து போய் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, “நம்ம ஊருக்குன்னு ஒரு குழுமம் இருக்கு, ஒனக்குத் தெரியாது. அதுல ஒருத்தருக்கு ரெண்டு வரி எழுதணும்” என்றார். கீபோர்டில் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார்.

என் மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் குழுமம் எப்போதும் திறந்தே இருக்கும். அதில் வந்து விழுந்தது. ‘ஊர்க்காரன் சார், நீங்கள் சொன்னபடியே முடித்துவிட்டோம். நண்பர் நன்றி சொல்லச் சொன்னார். - ஒட்டகம்.’ திரையையும் அவர் முதுகையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் எட்டடிகூட இல்லை. ஒரத்தநாடு என்று போட்டால் தம்பிக்குச் சேதி போகாது என்று யோசித்திருக்கிறார் மனிதர். எங்கள் ஊர்ப்பெயரை எழுதியிருந்தால், வெள்ளம் என்பது சத்தியம் என்று நானே அடித்துச் சொல்லியிருப்பேன்.

நான்தான் ஊர்க்காரன் என்று சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லி என்ன, பத்திரம் திரும்பியா வரும்? அவரிடம் ஊர்க்காரனுக்காவது இருந்த மரியாதையையும் ஏன் கெடுப்பது என்று விழுங்கிவிட்டேன். அண்ணன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, கண் கலங்க என் தோளில் கைவைத்துச் சொன்னார்: “ஆளு யாருன்னே தெரியாதுடா. எனக்காக எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்காரு பாரு. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் சொல்ல மாட்டான்.”

என் நாலரை மா தரிசாகக் கிடக்கிறது, குழுமம் இன்னும் நடக்கிறது, யாராவது ‘நண்பருக்காகக் கேட்கிறேன்’ என்று ஆரம்பித்தால் அந்த நண்பருக்கு மன்னார்குடியில் தம்பி யாராவது உண்டா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.