பனிக்குத் தப்பிய மிச்சம்

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். என் கணவர் ராணுவத்திலிருந்து திரும்பி, நூல் மில்லில் வாட்ச்மேனாக இருந்தார். பெண் பார்க்க வந்த அன்று, கொளுத்துகிற சித்திரை வெயிலிலும் சாக்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார் மனிதர். காரணம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. காஷ்மீர்ப் பனியில் வலது காலில் இரண்டு விரல்கள் போயிருந்தன. சாக்ஸ் மாப்பிள்ளை என்று சொல்லியே அவரை வம்புக்கு இழுப்பேன்.

வருடங்கள் ஓடியும் குழந்தை இல்லை. சென்னைக்குப் போய் சோதனைக்குழாய் சிகிச்சை எடுத்தோம். முதல் முறை தங்கவில்லை. மீதமிருந்த இரண்டு கருக்களை உறையவைத்தார்கள். அதன் பிறகு எங்கள் தெருவில் கரண்ட் போனாலே அந்தக் கருக்கள் என்ன ஆகுமோ என்று அவரை நச்சரிப்பேன்.

"அது கரண்டுல இல்லட்டி, நைட்ரஜன் குளிர்ல கெடக்கு" என்று ஒவ்வொரு தடவையும் சலிக்காமல் சொல்வார்.

சில மாதம் கழித்து மறுபடி போனோம். உருக்கியபோது ஒரு கரு பிழைக்கவில்லை. இன்னொன்றில் நான்கு செல்களில் ஒன்று செத்திருந்தது. உறையும்போது உள்ளே இருக்கும் நீர் பனிக்கட்டியாகி செல்லைக் கிழித்துவிடும், மருந்து சேர்த்து மெதுவாகக் குளிரவைத்தாலும் சிலது தப்பாது என்றார் டாக்டரம்மா. மிச்ச மூன்றும் நன்றாக இருப்பதால் வைத்துப் பார்க்கலாம், தங்கினால் அதுவே முழுக் குழந்தையாக வளரும் என்றும் சொன்னார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

"வேண்டாங்க. பிள்ளை கொறையோட பொறந்துட்டா என்ன செய்ய?" என்று அழுதேன்.

அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார், சாக்ஸையும் உருவினார். யாருக்கும் காட்டாத அந்தக் காலை டாக்டரம்மா முன்னாலேயே நீட்டினார்.

"எனக்கும் பனியில ரெண்டு வெரலு போச்சுல்ல? அதுக்காண்டி நீ என்னைய வேண்டாம்னா சொன்ன?"

அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். சரி என்று தலையாட்டினேன்.

அந்தக் கரு தங்கியது. ஒரு குறையும் இல்லாமல் மகள் பிறந்தாள். புரட்டாசி சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள எங்கள் குன்றின் பெருமாளைப் பார்க்க அவள் படிகளில் முன்னால் ஓடுவாள், அவர் காலைச் சற்றே சாய்த்து வைத்துப் பின்னால் ஏறுவார். கொஞ்சம் குறைந்துவிட்டது என்பதற்காக எதையாவது வேண்டாம் என்று ஒதுக்க நினைக்கும்போதெல்லாம், சாக்ஸ் இல்லாத அந்தக் கால் இன்றைக்கும் என் முன்னால் வந்து நிற்கிறது.