டோரதி திருத்திய முடிவு

ஊதுபத்திக் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்த டோரதி, தொண்ணூற்று நாலில் எங்கள் மைசூர் எழுத்து வட்டத்தில் சேர்ந்தார். எழுதியவர் பெயரைச் சொல்லாமல் வேறொருவர் கதையை வாசிப்பது எங்கள் வழக்கம்.

ஒரு மாதக் கூட்டத்தில் வாசித்த கதையில், மகனைப் புதைத்த மறுநாளே ஒரு தாய் வேலைக்குப் போகிறாள்.

"எந்தத் தாய் போவா? நம்பற மாதிரி இல்லீங்க. பையன் பிழைச்சுக்கிட்டான்னு முடிக்கலாம்," என்றார் வட்டத்தை நடத்திவந்த மாணிக்கவாசகம். பிள்ளையைப் பறிகொடுத்திராத நாங்களெல்லாம் தலையாட்டினோம். எழுதியவர் யாரென்று கேட்டதற்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மாதம் அதே கதை வந்தது. மகன் பிழைத்திருந்தான்.

"இப்பத்தான் நிஜமா இருக்கு. யாரு எழுதினது?" என்றார் மாணிக்கவாசகம்.

டோரதி எழுந்தார்.

"நான்தான் சார். ஆனா முதல்ல எழுதினதுதான் நடந்தது. அடக்கத்துக்கு மட்டும்தான் லீவு கொடுத்தாங்க. பையன் பேரு கார்ல்."